எண் இல்லாத எல்போ

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. சண்டை என்னுடையதல்ல, அக்காவுடையது. சோப்புத் தொழிற்சாலை ஒன்றில் குழாய்களின் அழுத்தத்தைச் சோதிக்கும் பொறியாளர் அவள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், அங்கேயே உற்பத்தி மேலாளர். "ஊர்ல இருக்கிறவங்க கதையெல்லாம் எழுதுற, எங்க கதைய எழுத மாட்டியா?" என்று அவள்தான் கேட்டாள்.

'நீராவி சீறிக்கொண்டிருந்த அந்தக் காலையில்...'

(அடித்துவிட்டேன். நீராவி சீறவே இல்லை. பிரச்சினையே அதுதான்.)

2

பாய்லரிலிருந்து சோப்புக் காய்ச்சும் கொப்பரைக்குப் போகும் புதிய குழாய்வழி அது. எல்லாம் திருகி மாட்டுகிற மரை இணைப்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் அதன் தாங்குதிறனுக்கான வகுப்பு எண் இருக்கும்.

(அந்த எண்ணே தாங்கும் அழுத்தம் இல்லையாம். அதை வைத்து அட்டவணையில் பார்க்க வேண்டும். சூடு ஏற ஏறத் தாங்கும் அளவு இறங்கும். மரை வெட்டிய இடத்தில் குழாயும் மெலிந்துபோகும். மொத்த வழியிலும் எது நோஞ்சானோ அதன் பலம்தான் எல்லாவற்றுக்கும். இதை நான் தப்புத் தப்பாக எழுதி அக்காவிடம் பலமுறை திட்டு வாங்கினேன்.)

குழாய் வளைந்து திரும்பும் இடத்தில் மாட்டுகிற ஒரு எல்போவில் மட்டும் எண் இல்லை. வழவழவென்றிருந்தது. அக்கா வால்வைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மாமா வந்தார். மேலிடம் காலையிலிருந்து அவரைப் போனில் வறுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருக்கிற எல்போ மாதிரியேதானே இருக்கிறது என்றார். மாதிரி இருந்தால் போதாது என்றாள் அக்கா.

[இங்கே மாமாவை வில்லனாக்கப் பார்த்தேன். வீட்டுக்குள் வந்த பல்லியைக்கூடச் செய்தித்தாளில் ஏந்தி வெளியே விடுகிற மனுஷன். ஒத்துவரவில்லை.]

"அதுக்குக் கீழதான் ஆளுங்க நின்னு வேலை பாக்குறாங்க. எவ்வளவு தாங்கும்னு தெரியாம எப்படிங்க திறக்கிறது?"

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். மாமா விறுவிறுவென்று போய்விட்டார்.

3

மாற்று எல்போ வந்து சேர மாலையாகிவிட்டது. அன்றைய உற்பத்தி போயிற்று. கழற்றியதைத் தண்ணீர் அழுத்தத்தில் வைத்துச் சோதித்தார்கள்.

நான் முதலில் எழுதிய முடிவு: வெடித்தது. (கதைக்கு வசதி.)

நடந்தது: தாங்கிவிட்டது.

குளிர்ந்த தண்ணீரைத் தாங்கியது கொதிக்கிற நீராவியையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. அக்காவுக்கு அது தெரியும். ஆனாலும் முகம் வாடிப்போயிற்று. ஒரே காரில் வீடு திரும்பினார்கள். வீட்டு வாசலில் நிறுத்தியும் இருவரும் இறங்கவில்லை. மாமாதான் வாயைத் திறந்தார்.

"எனக்கும் உள்ளுக்குள்ள பயந்தான். நீ வேணாம்னு சொல்லணுமேன்னு வேண்டிக்கிட்டேதான் வந்தேன்."

4

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "எல்லாம் சரி. கடைசில மட்டும் கதை விட்டிருக்க. அவர் அப்படிச் சொல்லவே இல்ல" என்றாள்.

"அப்போ என்னதான் சொன்னாரு?"

தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். "அதெல்லாம் தம்பிகிட்ட சொல்ற விஷயம் இல்ல, போடா."

ஆகவே மேலே மாமா சொல்வதாக எழுதிய அந்த வரியை அடித்துவிட்டேன். கார் வாசலில் நிற்கிறது, மாமா வாயைத் திறக்கிறார். அவர் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எது எழுதினாலும் சரி, கல்யாணமாகிப் பல வருடமான ஒரு பொறியாளரை அது தாளுக்குப் பின்னால் ஒளிய வைக்க வேண்டும்.