மெஷின் மேல் சந்தேகம் வரக் காரணம்

மனித வரலாற்றில் தன் ரத்தத்தைச் சொன்னபடி கேட்க வைத்த முதல் ஆள், எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மெஷின் ஓட்டும் அண்ணன்தான். இதை வேறு யாரும் சொல்லவில்லை. அவரே சொன்னார், தினமும் காலையில், நான்கு மாடி படியேறி வந்து, மூச்சு வாங்காமல். பதினோரு வருடமாக எண்ணெயைத் தொட்டதில்லை. வாயைக் கட்டினால் ரத்தம் கட்டுப்படும் என்பது அவர் சித்தாந்தம்.

ரிப்போர்ட்டை அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. கொழுப்பு கூடியிருப்பதைப் பார்த்ததும் சிலர், மெஷின் தப்பு, இன்னொரு தடவை போடுங்கள் என்பார்கள். அவர்களுக்கென்றே அண்ணன் ஒரு விண்ணப்பத் தாள் தயாரித்திருந்தார். அதில் ‘மெஷின் மேல் சந்தேகம் வரக் காரணம்’ என்று ஒரு கட்டம். நிரப்பி வந்ததைத் தேநீர் நேரத்தில் செய்தி வாசிப்பவர் குரலில் எங்களுக்குப் படித்துக் காட்டுவார். ‘நான் முட்டையே சாப்பிடுவதில்லை’ என்று ஒருவர் எழுதியது மூன்று நாள் ஓடியது.

போன மாதம் அவருடைய தம்பி அலுவலக வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வயது நாற்பத்திரண்டு. இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். வழக்கமான கொழுப்பெல்லாம் அளவோடுதான் இருந்தது. மருத்துவர் லிப்போபுரோட்டீன்-ஏ என்று ரத்தத்தில் ஓடும் ஒரு கொழுப்புத் துகளை அளக்கச் சொன்னார். நூற்றிருபத்தைந்தைத் தாண்டக் கூடாதது, இருநூற்று முப்பத்தெட்டு.

இது சாப்பாட்டில் வருவதில்லை, பிறப்பில் வருவது என்றாராம் மருத்துவர். இதற்கான மரபணுவில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். குறைவாக வந்தவர்களுக்குக் கல்லீரல் அந்தத் துகளைத் தாராளமாகத் தயாரித்துத் தள்ளும். கூடப்பிறந்தவரும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஸ்டென்ட் அவருக்காக இருக்கலாம்.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. “அவன் பொரிச்சதைத் தின்னதுக்கு எங்க அப்பா அம்மாவை ஏன்யா இழுக்கறீங்க?”

மூன்று வாரம் இப்படியே ஓட்டினார். கடைசியில் அண்ணியே படியேறி வந்துவிட்டார், மூச்சு வாங்கியபடி.

“உங்க ரத்தம்தான் உங்க சொல்பேச்சு கேக்குமே. குடுத்துட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.”

அண்ணன் பாடம் நடத்தப் போகும் முகத்தோடு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

இருநூற்று நாற்பத்தொன்று. தம்பியைவிட மூன்று கூட. என்ன இருந்தாலும் மூத்தவர்.

அண்ணி தாளைப் பார்த்தார். “நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அண்ணன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு என் மேஜை இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத் தாள் ஒன்றை எடுத்தார். நிரப்பி என்னிடம் நீட்டிவிட்டு, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். காரணம் கேட்கும் கட்டத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: ‘பதினோரு வருடமாக எண்ணெய் சேர்ப்பதில்லை.’

நான் அதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெஷினை ஓட்ட வேறு ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்து, அவரே எழுந்து போனார்.