காலைத் தொட்டால் சமாதானம்

கண்டியில் நான் வேலை பார்க்கும் நிதிக் கம்பெனியில் எனக்குப் பெயர் கிடையாது. சேர்ந்த நாளிலிருந்து தலைமைக் காசாளர் மயில்வாகனம் என்னை ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

“மடுல்கெல்ல! உந்தப் பைலைக் கொண்டு வா பிள்ளை.”

கவுண்டரில் ஆட்கள் நின்றால் குரல் இன்னும் ஏறும். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதலாவதாகப் பட்டம் வாங்கியவள் நான். பெயர் இராஜகுமாரி. சொல்லிப் பார்த்தேன். “ஓம் ஓம், மடுல்கெல்ல ராசகுமாரி” என்று சிரித்தார்.

ஒருநாள் நானும் அவர் ஊரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டேன். “சாவகச்சேரி! மேச லாச்சிச் சாவி எங்க?”

கவுண்டரே சிரித்தது. அவர் நேரே மனேஜரிடம் போனார்.

மனேஜர் நடராஜா நாவலப்பிட்டிக் கடைக்காரரின் மகன். யாரையும் பகைக்காத கல்லாச் சிரிப்பு. இருவரையும் வைத்து விசாரிக்கவில்லை. என்னை மட்டும் கூப்பிட்டார்.

“ரெண்டு பேர் மேலயும் தப்புதான் தங்கச்சி.”

“அவரு தினமும் கூப்பிடுறாரு சேர். நான் ஒருக்காதான்.”

“வயசுல பெரியவரு. சித்திர வருசத்துக்கு எல்லாரும் வெத்தல குடுப்போம்ல? நீங்க மொதல்ல அவருக்குக் குடுத்து, காலத் தொட்டுக் கும்பிட்டுருங்க. மன்னிப்புக் கேளுங்கன்னு நான் சொல்லலயே.” குரலைத் தாழ்த்தினார். “ஒங்கள நிரந்தரமாக்குறது இந்த மாசந்தான்.”

“அவருகிட்டயும் பேசுவீங்களா?”

“ரிட்டயர் ஆகப் போற மனுசன், விடுங்க.”

இதைத்தான் இவர்கள் நிர்வாகம் என்கிறார்கள். யார் சுலபமாக வளைவார் என்று பார்ப்பது, அவரை வளைப்பது, அதற்குக் குடும்ப ஒற்றுமை என்று பெயர் வைப்பது.

சித்திரை வருசம் கழிந்து ஆபீஸ் திறந்த அன்று குத்துவிளக்கு, பாற்சோறு, கொக்கிஸ் பலகாரம். சுபவேளை வந்ததும் மனேஜர் கண்ணாலேயே என்னை முன்னுக்குத் தள்ளினார். மயில்வாகனம் செருப்பைக் கழற்றிவிட்டு, கதிரையில் சாய்ந்து, கால்களை நீட்டித் தயாராக இருந்தார்.

வெற்றிலையோடு எதிரில் நின்றேன்.

“என் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க ஐயா. கும்பிடுறேன்.”

அவர் மனேஜரைப் பார்த்தார். மனேஜர் கொக்கிஸ் தட்டைப் பார்த்தார். ஒரே ஒரு பெயர். அதைச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. சொல்லுங்கள் என்று சொல்ல மனேஜருக்கும் வரவில்லை. வெற்றிலையை மேசையில் வைத்துவிட்டு என் கவுண்டருக்குப் போனேன்.

மாதக் கடைசியில் மனேஜர் கூப்பிட்டார்.

“இன்னும் ஆறு மாசம் பாப்போம். ஆளுங்களோட ஒத்துப்போகப் பழகணும் தங்கச்சி.”

“அவரையும் ஆறு மாசம் பாப்பீங்களா சேர்?”

“மொள்ளப் பேசுங்க, வெளிய கேக்குது. கதவச் சாத்திட்டுப் போங்க.”

நான் சாத்தவில்லை.