ஹெல்மெட்டுக்குள் தெரிந்த முகம்

இவனேதான், இந்த மூக்கை எப்படி மறப்பேன் என்று நினைத்தபடியே தையல்காரி பேனாவை எடுத்தாள். காவல் நிலையக் கண்ணாடிக்கு அப்பால் நின்றவனுக்கு அவளுடைய தம்பி வயதுதான் இருக்கும்.

"ஆள் இவன்தான்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. நாலு தடவை போட்டோ காட்டியாச்சு, இன்னும் என்ன யோசனை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

போட்டோ என்றதும் அவள் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. எதிர்க்கடைக்காரரைக் குத்திவிட்டு ஓடியவன் ஹெல்மெட் போட்டிருந்தான் என்று முதல் நாள் சொன்னதே அவள்தான். இப்போது அவள் நினைவில் ஓடுகிறவன் தலையில் ஹெல்மெட்டே இல்லை. போட்டோவில் இருந்த அதே மூக்கோடு, பட்டன் மாற்றிப் போட்ட அதே சட்டையோடு ஓடுகிறான்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"நான் முகம் பார்த்தது போட்டோவிலதான் சார்" என்று மெல்லச் சொல்லி, பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.