சார்ஜென்ட் ஸ்ட்ரௌட்டின் கடிதம்

கார்லண்ட் மீக்ஸின் நுரையீரல் போய்விட்டது. குவைத்தில் எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது இழுத்த புகை. முன்னாள் வீரர்களுக்கான மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டால் கடைசிவரை பார்ப்பார்கள். ஆனால் ராணுவம் அவரை அனுப்பியபோது தந்த டிஸ்சார்ஜ் தாளில் கண்ணியக்குறைவான விடுவிப்பு என்று போட்டிருந்தது. அதைக் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள்.

அவர் யாரையும் கொல்லவில்லை. விடுப்பு கிடைக்காததால் சொல்லாமல் கிளம்பிப் போய், சாகக் கிடந்த அம்மாவோடு நாற்பது நாள் இருந்தார், அவ்வளவுதான். திரும்பியதும், ராணுவ விசாரணையா, இந்த விடுவிப்புக்குக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டார்கள்.

"போடுடா மீக்ஸ்! ஆறே மாசத்துல தானா நல்ல டிஸ்சார்ஜா மாறிடும்" என்றார் அவருடைய படைப்பிரிவின் சார்ஜென்ட் டாயில் ஸ்ட்ரௌட்.

படையில் அன்று வாய்க்கு வாய் சுற்றிய கதை அது. எந்தச் சட்டத்திலும் கிடையாது. இருபத்திரண்டு வயது கார்லண்ட் நம்பித் தொலைத்தார். புதுத் தாள் தபாலில் வருமென்று காத்திருந்தார். வராதபோது வெட்கத்தில் யாரிடமும் கேட்கவில்லை. மேல்முறையீட்டுக்கு இருந்த பதினைந்து வருடக் கெடுவும் கைநழுவிப் போனது.

இனி மிச்சம், பழைய ராணுவப் பதிவுகளைத் திருத்தும் ஒரே ஒரு வாரியம். தாமதத்துக்குக் காரணம் சொல்ல சாட்சி வேண்டும். மனைவி வெர்னா அவரையும் ஆக்ஸிஜன் உருளையையும் காரில் ஏற்றி, ஆறு மணி நேரம் ஓட்டி, ஸ்ட்ரௌட் வீட்டு வாசலில் இறக்கினாள்.

கிழவருக்கு எழுபத்தைந்து இருக்கும். "வாடா மீக்ஸ். நீ அஞ்சாவது ஆளு" என்றார்.

"நாலு பேருக்கும் எழுதிக் குடுத்தீங்களா, சார்ஜென்ட்?"

"குடுக்காம? என் வாய்தானே உங்களையெல்லாம் கவுத்துச்சு. உக்காருங்க, காபி போடறேன்."

"நீங்க ஊத்திக் குடுத்ததையே இந்த மனுஷன் முப்பது வருஷமா முழுங்கிட்டிருக்காரு. போதும், எழுதுங்க" என்றாள் வெர்னா.

கிழவர் காபியை விட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்தார். அன்று தான் சொன்னதை அப்படியே எழுதி, நோட்டரி முத்திரையும் வாங்கித் தந்தார்.

பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனு நிராகரிக்கப்படுகிறது. இதே சாட்சி, ஏறக்குறைய இதே வாசகங்களை வேறு நான்கு மனுக்களிலும் தந்திருப்பதால், அவர் கூற்று நம்பத்தக்கதாக இல்லை. கார்லண்ட் அதை இரண்டு முறை படித்தார். ஐந்து பேரிடம் ஒரே பொய்யைச் சொன்னவன் ஐந்து முறையும் ஒரே உண்மையைத்தானே எழுத முடியும்! வெர்னா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

மாலையில் ஸ்ட்ரௌட்டே போன் செய்தார். "என்னடா ஆச்சு? என் லெட்டர் உதவுச்சா?"

கார்லண்டுக்கு அவர்மீது கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. "உதவுச்சு, சார்ஜென்ட்."

"அப்பாடா!" கிழவரின் குரல் உடைந்தது. "ஒருத்தனையாவது கரை சேத்துட்டேன். நாளைக்கு இன்னொருத்தன் வர்றான்டா, நம்ம ப்ளட்டூன் ஹாஸ்கின்ஸ். புத்துநோயாம். அவனுக்கும் இதையே எழுதிடறேன்."

கார்லண்ட் கண்ணை மூடிக்கொண்டார். ஹாஸ்கின்ஸின் முகம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"எழுதாதீங்க, சார்ஜென்ட்" என்றார். "உங்க பேரு இருந்தா அவனையும் தள்ளிடுவாங்க."



"அப்போ அவன்கிட்ட நான் என்னடா சொல்லுவேன்?" என்று கேட்டார் ஸ்ட்ரௌட்.