ஆளுக்கொரு உரம்

என் வீட்டுக்காரருக்கும் என் கொழுந்தனுக்கும் வயல் ஒன்று, எண்ணம்தான் ஒன்றில்லை. இவருக்கு மக்கிய எருவைத் தவிர மற்றதெல்லாம் விஷம். அவனுக்கோ மேல்பூச்சுப் பூசிய யூரியாக் குருணைதான் உயிர். மெல்ல மெல்லக் கரைந்து, கதிர் வரும்வரை பயிருக்குச் சத்து கொடுக்குமாம். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் எரு, குருணை என்று இதே பேச்சு. கடைசியில் வயலின் நடுவே வரப்பு போட்டு, ஆளுக்குப் பாதி என்று பந்தயம் கட்டினார்கள். தோற்றவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட வேண்டும்.

கொழுந்தன் பெண்டாட்டி எனக்கு ஓரகத்தி என்று பெயர்தான்; கூடப் பிறந்தவளைப் போல. அவள் இல்லாத வீட்டில் இந்த மனுஷனோடு மட்டும் நான் எப்படிக் காலம் தள்ளுவது?

நல்லவேளை, எங்கள் வீட்டு ஆண்களுக்கு உரத்தைப் பற்றி வாய் கிழியப் பேசத்தான் தெரியும். வயலில் இறைப்பது நாங்கள். நடவுக்கு முன்னால் பம்பு பழுதாகி, எந்த மெக்கானிக்கிடம் போவது என்று சண்டை போட்டுக்கொண்டே இருவரும் அதைத் தூக்கிப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும், எருவில் பாதியை அந்தப் பக்கமும் குருணையில் பாதியை இந்தப் பக்கமும் கொண்டுபோய் இறைத்து, சேற்றோடு சேர்த்து மிதித்துவிட்டோம். யாரும் தோற்காவிட்டால் யாரும் போக வேண்டாம் அல்லவா? எங்கள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

கதிர் விடும் சமயத்தில்கூடப் பயிர் மஞ்சளடிக்கவில்லை. இவர் மண்ணை அள்ளி மோந்து பார்த்து மீசையை முறுக்கினார். அவன் இலையின் பச்சையை அளக்கும் நிற அட்டையில் இலையை வைத்துப் பார்த்து, தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டான். அறுத்துத் தூற்றியபோது எந்த வருஷமும் காணாத விளைச்சல். இரண்டு குவியலும் ஒரே உயரம்.

இவர் இரண்டையும் முழம் போட்டு அளந்து பார்த்தார். "யாரும் தோக்கல. அப்ப சண்டை சச்சரவு இல்லாம வயலைச் சமமாவே பிரிச்சுக்கிட்டுத் தனித்தனியா இருந்துக்கலாம்" என்றார். கொழுந்தனும் சரியென்று தலையாட்டினான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓரகத்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதற்கா இடுப்பொடிய எரு சுமந்தோம்?

"பிரிக்கிறதுன்னா முதல்ல அந்த மண்ணுல இருக்கிற எருவையும் குருணையையும் பிரிச்சுக் காட்டுங்க" என்றேன். "ரெண்டு பக்கமும் ரெண்டையும் கலந்து போட்டது நாங்கதான். தனித்தனியா போட்டு எந்த வருஷமாவது இப்படி விளைஞ்சிருக்கா?"

ஆரம்பித்தது வசவு. கேட்காமல் எப்படித் தொடலாம், பந்தயத்தில் தலையிட நாங்கள் யார் என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்கள். இவர் நிறுத்திய இடத்தில் அவன் தொடங்கினான். அவனுக்கு வார்த்தை கிடைக்காதபோது இவர் எடுத்துக் கொடுத்தார்.

"இவங்கள நம்பி வயலை விட்டது நம்ம தப்புண்ணே" என்றான் கொழுந்தன். பந்தயம் கட்டியதிலிருந்து அவன் வாயில் அண்ணன் என்ற சொல்லே வந்ததில்லை.

"ஆமாடா. அடுத்த போகத்துக்கு நாம ரெண்டு பேருமே கூட நின்னு கலக்கணும்" என்றார் இவர்.

நானும் ஓரகத்தியும் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நடந்தோம். இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டுமே என்றிருந்தது எனக்கு.