ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு

சாப்பாட்டு மணி அடித்து டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே கௌசர் அந்தச் சுற்றறிக்கையை என் மடியில் வைத்தாள். இரவு ஷிஃப்ட் பார்க்கச் சம்மதிக்கும் பெண்கள் எழுதித் தரவேண்டும். இரவும் பார்ப்பவர்தான் லைன் சூப்பர்வைசர் ஆகலாம். ஆம்பூரில் இந்த ஷூ கம்பெனியில் பதினான்கு வருஷமாகத் தைக்கிறாள் கௌசர். அவளிடம் வேலை கற்ற இரண்டு ஆண்கள் சூப்பர்வைசராகிவிட்டார்கள். அவள் கேட்கும்போதெல்லாம், பெண்களுக்கு நைட் கிடையாது, ரூல்ஸ் என்றார்கள்.

"இப்போ இன்னா சொல்றாங்க பாக்கலாம். எழுதுக்கா. உன் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். நம்ம லைன்ல இருக்கற அந்த ஒவைஸ் பையன் லேட்டா வந்தா, இனிமே நான்தான் திட்டப்போறேன்."

எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். பள்ளியில் சொல்லித்தந்த வரிசை எதுவும் தவறவில்லை. 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்பதற்கு அடிக்கோடு. முடிவில் வலப்பக்கம் அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு. இடப்பக்கம், கை போன போக்கில், ஸ்கேல் வைத்து இன்னொன்று: கணவர் / தந்தை கையொப்பம். லீவ் லெட்டர் எழுதிய காலத்திலிருந்தே கைக்குப் பழகிய கோடு அது. யாரும் கேட்கவில்லை.

ஆபீஸில் மதியழகன் சாருக்கு அது பிடித்துப்போனது. ஜெராக்ஸ் எடுத்து, மாதிரிக் கடிதம் என்று போர்டில் ஒட்டிவிட்டார். வீட்டுக்காரர் கையெழுத்தையும் வாங்கி வரச்சொல்லிக் கடிதத்தைக் கௌசரிடமே திருப்பித் தந்தார்.

அதுவரை மறுப்பு சொல்லாத கௌசரின் கணவர் ஜியாவுல்லா, அந்தக் கோட்டைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். "என்னாண்ட கையெழுத்து கேக்குறாங்கன்னா உள்ள ஏதோ இருக்கு. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா, நீதானே போட்டேன்னு என்னத்தான் கேப்பாங்க."

நான் மதியழகன் சாரிடம் ஓடினேன்.

"சார், வீட்டுக்காரர் கையெழுத்து சட்டத்துல இல்ல சார். அது நானாப் போட்டது."

"தெரியும் சௌந்தரம். இருந்தா நமக்கு சேஃப்டிதானே? நல்ல யோசனைதான் குடுத்திருக்கீங்க."

திங்கட்கிழமை ஒவைஸ் சூப்பர்வைசர் ஆனான். மெஷினில் நூல் கோர்க்க அவனுக்குக் கற்றுத்தந்தவள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மணிக்கு ஒரு வெள்ளைத்தாளோடு வந்தாள். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதித் தரவேண்டுமாம், ஃபைலுக்கு.

"கௌசர், அந்தக் கோடு..."

"தெரியும்க்கா. போர்டுல உன் எழுத்துதானே. ஆறிடப்போது, மொதல்ல சாப்டு. அப்பறம் எழுது."

டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். என் சொந்த விருப்பத்தின் பேரில்.

அவள் தாளின் இடப்பக்கத்தையே பார்த்தாள்.

"இதுக்கு அவரு கையெழுத்து வேணாமா?"

"வேணாம்."

"ஓ." பசை காய்ந்து வெளுத்த விரல்களால் பேனாவை வாங்கி, இருந்த ஒரே கோட்டின் மேல் தன் பெயரை மெதுவாக எழுதினாள். பதினான்கு வருஷமாகத் தைக்கும் கை. ஓர் எழுத்துகூடக் கோட்டை விட்டு விலகவில்லை.