ஒரு பக்கம் மட்டும் சுற்றும் மிஷின்

மிஷினைச் செய்தவள் நான். அதில் தப்பு விட்டவளும் நான்தான், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு மனுஷன் இருக்கிறாரே, அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எங்களுடையது கேட், ஜன்னல் கிராதி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிற இரும்புப் பட்டறை. வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதியில் நானும் என் கணவரும் குடித்தனம். வெல்டிங் என் வேலை. கம்பியை வளைப்பதும் முறுக்குவதும் அவர் வேலை. சதுரக் கம்பியின் ஒரு முனையை மேஜையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் இறுக்குவார். மறுமுனையில் ஆள் உயரத்துக்குக் கைப்பிடி வைத்த ஸ்பேனரை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுவார். கம்பி கயிறு மாதிரி முறுக்கேறிக்கொண்டு வரும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் சூடு காட்டாமல், வெறும் கைப்பலத்தில் முறுக்குகிற ஆள் இவர் ஒருவர்தான். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

போன வருஷக் கடைசியில் அவருடைய வலது தோள் கிழிந்தது. தசைநார் பாதி போய்விட்டது, இன்னொரு தடவை இப்படி இழுத்தால் மீதியும் போய்விடும், அப்புறம் சட்டை மாட்டக்கூட ஆள் வேண்டியிருக்கும் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அங்கே பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்ததும் இவர் சொன்னது இது:

"அவருக்கு என்ன தெரியும்? அவர் கம்பி முறுக்கியிருக்காரா?"

நடுரோட்டில் வைத்துத் திட்டினேன். திட்டி என்ன பிரயோஜனம்? இந்த மனுஷனைக் கட்டிப்போட முடியாது. வேலையைத்தான் அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் வளைக்கிற மிஷின் செய்தேன். ஒரு கனத்த இரும்புத் தகடு, அதில் ஊன்றிய இரண்டு முளைகள், நடுவே ஒரு பழைய லாரிச் சக்கரத்தின் அச்சு, ஒரு நீளக் கைப்பிடி. முளைகளுக்கு நடுவே கம்பியைச் செருகி இழுத்தால் வளையம் வளையமாக வந்தது. இவரும் வந்து பார்த்து, "முளையை இன்னும் ஒரு விரல் தள்ளி வை" என்று யோசனையெல்லாம் சொன்னார். வளைப்பதில் அவருக்கு ஒட்டுதல் கிடையாது. முறுக்கில்தான் உயிர்.

அதனால் முறுக்குகிற மிஷினுக்கு நான் கை வைத்ததும் ஆளே மாறிவிட்டார். பழைய இரும்புக் கடையில் கையால் சுற்றிப் பாரம் இழுக்கிற ஒரு வின்ச்சைப் பொறுக்கி எடுத்து வந்தேன். பெரிய பல்சக்கரம், சின்ன பல்சக்கரம் எல்லாம் கூடவே இருந்தன. அதோடு ஒரு ராட்செட்டும் இருந்தது. அதாவது சாய்ந்த பற்கள் வைத்த ஒரு சக்கரம், பல்லுக்குப் பல் விழுகிற ஒரு கொக்கி. சக்கரம் ஒரு பக்கம்தான் சுற்றும், பின்னால் வராது. அது எனக்கு ரொம்பவும் வேண்டியிருந்தது. முறுக்கேறிய கம்பி திமிறும். கொக்கி இல்லாவிட்டால் கையை எடுத்த நொடியில் கைப்பிடி திருப்பி அடித்து முகத்தைப் பெயர்த்துவிடும்.

நான் வெட்டினேன், ஒட்டினேன், துளை போட்டேன். இவர் வாசலில் நாற்காலியைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், "உப்பு" என்பார், எழுந்து போய்விடுவார். வீட்டில் சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போனது.

பக்கத்துத் தெரு லேத்துக்காரர் எனக்கு அச்சு கடைந்து கொடுத்தவர். வேலை எப்படிப் போகிறது என்று ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணி இது? துணி பிழியற மிஷினா?"

"உங்க வாயைப் பிழியற மிஷின். உள்ள வந்து பாருங்க."

சுற்றிக் காட்டினேன். ஒரு பெண்பிள்ளையின் கைக்கு அந்தக் கம்பி வெண்ணெயாகத் திரும்பியது. அவர் அசந்துபோனார். பிறகு, "இது ஒரு பக்கம்தானே சுத்துது? இடப்பக்க முறுக்கு வேணும்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"கம்பியைத் தலைகீழா நிறுத்திட்டா எதிர்ப்பக்கமாயிடும். இதுக்கு ஒரு மிஷினா?" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

அவரும் ஆமாம் ஆமாம் என்றார். வாசலில் பேப்பர் ஒரு பக்கம் புரண்டது.

அதற்குப் பிறகு ஒரு மாடிப்படி வேலை வந்தது. அந்த வீட்டுக்கார அம்மா வரைந்தே கொடுத்துவிட்டார். கம்பிகள் ஜோடி ஜோடியாக நிற்க வேண்டும், ஒன்று வலப்பக்கம் முறுக்கினால் அடுத்தது இடப்பக்கம். மறுநாள் காலை பொருத்த வேண்டிய நிலையில் பாதிக் கம்பிகளை முறுக்கி முடித்துவிட்டு, ஜோடி எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று இரண்டை எடுத்தேன். ஒன்றை நேராக நிறுத்தினேன். மற்றதைத் தலைகீழாக நிறுத்தினேன்.

இரண்டும் ஒரே பக்கம் போயின.

தவறாகப் பிடித்திருக்கிறேன் என்று மறுபடி கவிழ்த்தேன். ஒரே பக்கம். இன்னொன்றை எடுத்துக் கவிழ்த்தேன். அதுவும் அப்படியே. ஒரு கயிற்றை எப்படிப் பிடித்தாலும் அதன் புரி மாறுமா? இது என் மண்டையில் உறைக்க இவ்வளவு நேரம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்பியைத் தரையில் வீசினேன்.

சத்தம் கேட்டு இவர் எழுந்து வந்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக முகத்தில் ஒரு களை.

"விடு. மிச்சத்தை நான் முறுக்கித் தரேன்."

"தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்! லேத்துக்காரர்கிட்ட இன்னொரு ராட்செட் கடைஞ்சு வாங்கிட்டு வரேன். நான் வர்ற வரைக்கும் நாற்காலியை விட்டு அசையாதீங்க."

லேத்துக்காரர் கையை விரித்தார். கையிலிருக்கிற வேலை முடிந்து இதை எடுக்க அடுத்த வாரம் ஆகுமாம். என்ன செய்வது என்று புரியாமல் திரும்பி வந்தேன்.

இவர் வைஸுக்கு முன்னால் நின்றிருந்தார். ஸ்பேனர் தோள் உயரத்தில் இருந்தது. கம்பி பாதி முறுக்கோடு நின்றது. இவரும் அசையாமல் நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. அப்புறம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மேலே இழுக்கத் தோளில் தெம்பில்லை. விட்டால் ஸ்பேனர் திரும்பி நெஞ்சில் அடிக்கும். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ, கூப்பிடவும் வாய் வரவில்லை.

ஓடிப்போய் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"நான் பிடிச்சுக்கிட்டேன். மெதுவா விடுங்க. மெதுவா."

விட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். நானும் ஸ்பேனரை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கையைத் தூக்குங்க பார்ப்போம்."

நெஞ்சு வரைக்கும் தூக்கினார். விரலை மடக்கி நீட்டினார். அதற்கு மேல் போகவில்லை, ஆனாலும் கை அவருடையதாகத்தான் இருந்தது. மயிரிழையில் தப்பித்திருக்கிறது. எனக்கு அழுகையும் திட்டும் ஒன்றாக வந்தன.

"லேத்து எல்லாம் வேணாம்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்த ராட்செட் சக்கரத்தைக் கழட்டி, புரட்டி மாட்டு. கொக்கியை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் மாத்து. எதிர்ப்பக்கம் சுத்தும்."

நான் மிஷினைப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு போல்ட் வேலை.

"இது எப்ப தோணிச்சு உங்களுக்கு?"

"நீ அதைத் தூக்கிட்டு வந்த அன்னைக்கே."

"அப்போ, தலைகீழா நிறுத்தினா போதும்னு நான் லேத்துக்காரர்கிட்ட ஜம்பம் அடிச்சேனே..."

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

தோளைத் தடவினார். பிறகு சொன்னார்.

"சொல்லியிருந்தா எல்லாத்தையும் அதுவே முறுக்கிடும். பாதியாவது எனக்கு இருக்கட்டுமேன்னு பார்த்தேன்."

அந்தக் கோபத்தில் ஸ்பேனரை எடுத்து அவரையே முறுக்கியிருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கை அதை எடுக்கப் போகவில்லை. இந்த மிஷினால் அவர் கை மிஞ்சும் என்று மட்டும்தான் கணக்குப் போட்டேன். அவருக்கு வேறு என்ன மிஞ்சும் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

எழுந்து போல்ட்டைக் கழற்றினேன். சக்கரத்தைப் புரட்டினேன். கொக்கியை மாற்றி மாட்டினேன். புதுக் கம்பி ஒன்றைச் செருகி இறுக்கினேன்.

"வாங்க. நீங்க சுத்துங்க. இடது கையால."

"எனக்கு எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க."

வந்தார். காலை அகட்டி, பழைய பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் தள்ளினார். அது சும்மா போய்விட்டது. தள்ளிய வேகத்தில் ஒரு அடி முன்னால் தடுமாறினார். நின்று, இந்த முறை மூச்சைப் பிடிக்காமல், நாலு விரலால் சுற்றினார். கொக்கி பல்லுக்குப் பல் விழுந்தது. கம்பி இடப்பக்கமாக முறுக்கிக்கொண்டு வந்தது, அவர் கையால் முறுக்கியதைவிடச் சீராகவே.

பாதியில் கையை எடுத்துவிட்டார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆனாலும் நான் சொன்னேன்:

"நீங்க கையால முறுக்கறப்ப நான் வெல்டிங்கை நிறுத்திட்டுப் பார்த்துக்கிட்டே இருப்பேன். கல்யாணமான புதுசுல இருந்து. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கறதால உங்களுக்குத் தெரியாது. மிஷின் முறுக்கறதை யார் பார்க்கப் போறா?"

அவர் திரும்பினார்.

"நீ பார்ப்பியா?"

"ம்."

"இத்தனை வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாமே."

அவர் திரும்பவும் கைப்பிடியைப் பிடித்து மீதிச் சுற்றை முடித்தார். நான் அதைக் கழற்றிவிட்டு அடுத்த கம்பியைச் செருகினேன்.